தூய்மைப் பணியாளரின் கூலி, வேலை நேரம், காய்ச்சல் லீவு: நகராட்சியில் இவை எங்கே முடிவாகின்றன?

கேட்டவர் ஈரோடு மாவட்டத்தில் ஒரு நகராட்சியின் வார்டு உறுப்பினர், முதல் முறையாக ஜெயித்து வந்தவர். அவர் வார்டில் குப்பை எடுக்கும் ஒப்பந்தப் பணியாளரான ஒரு அம்மா டைபாய்டு காய்ச்சலில் பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். பன்னிரண்டு நாள் கூலியும் போய்விட்டது. அதே நகராட்சியில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு அதே காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு. "சம்பளம், நேரம், லீவு இதையெல்லாம் யாருங்கய்யா முடிவு பண்றாங்க? எங்க மன்றத்துல தீர்மானம் போட்டு மாத்த முடியுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மிணி, பாதி முடியும். அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு கேட்டால்தான் ஆணையரும் பொறியாளரும் உங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். நகராட்சி அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் கோப்பு பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிரந்தர ஊழியர்கள். இவர்கள் விஷயத்தில் மன்றம் ஒன்றும் செய்ய முடியாது. சம்பள விகிதம், பணியிட எண்ணிக்கை, லீவு விதி எல்லாம் மாநில அரசு போடுவது. 2023 ஏப்ரலில் இருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நகராட்சிகளுக்கு 1920-ஆம் வருஷத்துச் சட்டம். இரண்டிலும் இந்த அடிப்படை மாறவில்லை. சம்பளத்துக்கு 2017 அக்டோபரில் வந்த திருத்திய ஊதிய விதிகள்தான் கணக்கு. ஆகக் கீழ் நிலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 15,700 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படியும் மற்ற படிகளும். வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அரையாண்டுக்கு 15 நாள் வீதம் 30 நாள் ஈட்டிய விடுப்பு, 240 நாள் வரை சேர்த்து வைக்கலாம். மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு தனி. ஐந்து வருஷத்துக்குள் சர்வீஸ் என்றால் மொத்தம் 90 நாள், பத்து வருஷம் வரை 180, அப்படியே ஏறி இருபது வருஷத்துக்கு மேல் 540 நாள். பெண் ஊழியருக்குப் பிரசவ விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். இவை நல்ல விதிகள். ஒரு மனுஷன் நோயில் விழுந்தால் அவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வராமல் இருக்க என்ன வேண்டுமோ அது இதில் இருக்கிறது. சங்கங்கள் பல வருஷம் போராடி வாங்கியவை.

சங்கடம் எங்கே என்றால், இந்த விதிகளுக்குள் வரும் ஆள் நகராட்சியில் குறைந்துகொண்டே போகிறார். ஓய்வு பெற்றுப் போகும் நிரந்தரத் தூய்மைப் பணியாளரின் இடத்துக்கு இன்னொரு நிரந்தர ஆள் வருவதில்லை. 2022-இல் மாநகராட்சிகளுக்கு வந்த அரசாணை 152-ஐச் சங்கங்கள் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கு இதுதான் காரணம். பல பணியிடங்களை வெளியாள் மூலம் நிரப்புவது என்று அது எழுத்திலேயே வைத்துவிட்டது. நகராட்சி, பேரூராட்சி வரைக்கும் இன்று நடைமுறை அதுதான். குப்பை வண்டி, பேட்டரி வண்டி ஓட்டுபவர், கொசுப்புழு பார்க்கும் டிபிசி பணியாளர், ராத்திரியில் வால்வு திறந்து தண்ணீர் விடும் ஆள், கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்று யாரைக் கேட்டாலும் "கான்ட்ராக்டுங்க" என்பார்கள்.

இவர்களுடைய கூலி, நேரம், லீவு மூன்றும் எஸ்டிமேட்டில் முடிவாகின்றன. சுகாதாரப் பிரிவு மதிப்பீடு தயார் செய்யும், அது மன்றத்துக்கு வரும், ஒப்புதல் ஆகும், டெண்டர் போகும். அந்த மதிப்பீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய், எத்தனை ஆள், மாதம் எத்தனை நாள் என்று எழுதியதோடு அடுத்த ஒன்றிரண்டு வருஷத்துக்கு அத்தனை குடும்பத்தின் வாழ்க்கையும் எழுதியாகிவிட்டது. அந்த அஜெண்டா பொருளைத்தான் மன்றக் கூட்டத்தில் நாற்பது பொருளோடு நாற்பத்தொன்றாக "அனைத்தும் பாஸ்" என்று தாண்டிவிடுகிறார்கள். உங்கள் கை எட்டும் இடம் அதுதான்.

கூலியை எந்த அடிப்படையில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு விகிதங்கள் உண்டு. ஒன்று, தொழிலாளர் துறை குறைந்தபட்சக் கூலியாக அறிவிப்பது. உள்ளாட்சிப் பணியாளர்களுக்கு 2017 அக்டோபரில் வந்த அரசாணை (2டி) 62-ஐத்தான் சங்கங்கள் இன்றுவரை எடுத்துக் காட்டுகின்றன. அதன் மேல் வருஷா வருஷம் ஏப்ரலில் பஞ்சப்படி கூடும். இன்னொன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் வருஷந்தோறும் நிர்ணயிக்கும் தினக்கூலி. 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது, ஆட்சியர் நிர்ணயித்த 721 ரூபாயைக் கொடுங்கள் என்பதைத்தான். அரசாங்கமே காகிதத்தில் எழுதிய தொகை கைக்கு வரவேண்டும் என்பதற்காகவே தெருவில் உட்கார வேண்டியிருந்தது. உங்கள் ஊர் எஸ்டிமேட்டில் இந்த இரண்டில் எது போடப்பட்டிருக்கிறது, எந்த வருஷத்து விகிதம் என்று எழுத்தில் கேளுங்கள். போன வருஷ விகிதத்தை அப்படியே நகல் எடுத்துப் போடுவது நிறைய நடக்கும். ஒப்பந்தக் காலத்துக்குள் ஏப்ரல் வந்தால் உயர்வைத் தானாகச் சேர்க்கும் நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கான்ட்ராக்டர் "எனக்கு நகராட்சி ஏத்தித் தரலை" என்பார், நகராட்சி "ஒப்பந்தத்தில் இல்லை" என்னும்.

அடுத்தது பிடித்தம். பெரும்பாலான ஊரில் கூலி கரையும் இடம் இது. ஒரு உதாரணம் போடுகிறேன். நாள் கூலி 550 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 14,300. பணியாளர் பங்காக பி.எஃப். 12 சதவீதம், 1,716 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம், 108 ரூபாய். கையில் வரவேண்டியது 12,476. முதலாளி பங்கு இதற்கு மேல் தனி: பி.எஃப். 12 சதவீதமும் அதோடு சேர்ந்த காப்பீடு, நிர்வாகக் கட்டணம் ஒரு சதவீதமும் சேர்ந்து 1,859, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 465, ஆக 2,324. எனவே ஒரு ஆளுக்கு நகராட்சி எஸ்டிமேட்டில் 16,624 இருக்க வேண்டும், போனஸ் தனி. பல இடத்தில் நடப்பது என்ன? எஸ்டிமேட்டில் வெறும் 14,300 போடுவார்கள். கான்ட்ராக்டர் இரண்டு பங்கையும் அதிலிருந்தே பிடிப்பார். கையில் வருவது 10,152, அதாவது நாளுக்கு 390 ரூபாய். 550 என்று அறிவித்தார்கள், 390 வருகிறது. எங்கே போனது என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல யாரும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. முதலாளி பங்கைத் தொழிலாளி கூலியில் பிடிப்பது சட்டப்படி தவறு. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இன்னும் மோசம், பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது. ஆகவே பில் பாஸ் ஆகும் முன் அந்த மாதத்துக்கான பி.எஃப். இ.சி.ஆர். (மாதாந்தரக் கணக்கு) சலானும், இ.எஸ்.ஐ. செலுத்திய பட்டியலும் பெயர் வாரியாக வைக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் இருக்கும் சலான் போதாது. பெயர், யூ.ஏ.என். (அவருடைய பி.எஃப். எண்), நாள் எண்ணிக்கை மூன்றும் இருக்கும் பட்டியலை மேஸ்திரியின் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தால் பாதி உண்மை அன்றைக்கே வெளியே வரும்.

டெண்டரில் ஆகக் குறைவாகப் போட்டவருக்கே வேலை போகிறது. ஆனால் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றும் யார் எடுத்தாலும் மாறக்கூடாத தொகைகள். இவற்றையும் சேர்த்து ஏலம் விட்டால் போட்டி தொழிலாளியின் வயிற்றில்தான் நடக்கும். கூலி சார்ந்த தொகையை நிலையாக எழுதிவிட்டு, சேவைக் கட்டணம், வண்டி, தளவாடம் இவற்றுக்கு மட்டும் விலை கேட்கும்படி டெண்டரை அமைக்கச் சொல்லுங்கள். இது சாத்தியமான ஏற்பாடு. மன்றத்தில் ஒரே ஒரு தீர்மானம்தான் நிறைவேற்ற முடியும் என்றால் நான் இதைத்தான் நிறைவேற்றுவேன்.

வேலை நேரத்துக்கு வருகிறேன். எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. பழைய சட்டத்திலும் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இரட்டைக் கூலி உண்டு. ஆனால் தூய்மைப் பணியில் நேரத்தை அளப்பதே வேறு மாதிரி. காலை ஆறு மணிக்கு மஸ்டர், அதாவது வருகைப் பதிவு என்றால் ஐந்தேகாலுக்கே ஊட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பல ஊரில் காலை ஆறு முதல் பதினொன்று, பிறகு இரண்டு முதல் ஐந்து என்று இரண்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள். கணக்குக்கு எட்டு மணி நேரம். ஆனால் நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் வர பஸ் இருக்காது, ஒதுங்க நிழலும் இருக்காது, பெண்களுக்குக் கழிப்பறையும் இருக்காது. பதினொரு மணி நேரம் அந்த உடம்பு வேலைக்கு அடமானம். ஒரே நேர்வேலையாக ஆறு முதல் இரண்டு வரை வைத்தால் அதே எட்டு மணி நேரம்தான். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது தாய் வீட்டில் இருப்பாள். இதற்கு நகராட்சிக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. சாயந்திரம் கடைவீதி, மார்க்கெட் பக்கம் ஆள் வேண்டும் என்பார்கள். நியாயம்தான். அதற்கு ஒரு சிறு குழுவை மதிய ஷிப்டில் வையுங்கள், சுழற்சியில் மாற்றுங்கள்.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் "ஒன்றரை ஷிப்ட்" என்றால் பன்னிரண்டு மணி நேரம். அங்கே நீண்ட வேலை உடம்பைத் தின்கிறது, ஆனால் அந்த அரை ஷிப்டுக்குக் காசு உண்டு, சனிக்கிழமை கையில் வரும். நகராட்சியில் கூடுதல் நேரம் கணக்கிலேயே ஏறுவதில்லை. மாரியம்மன் கோயில் நோம்பி, தேர், ஆடிப் பதினெட்டு, தீபாவளிக்கு மறுநாள், அமைச்சர் வருகை என்று வந்தால் விடிய விடிய வேலை. பவானி கூடுதுறையில் ஆடிப் பதினெட்டுக்கு வரும் கூட்டம் போன பிறகு கரையிலும் தண்ணீரிலும் கிடக்கும் துணியையும் பூவையும் வாரி எடுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஊருக்கெல்லாம் நோம்பி, அவர்களுக்கு அன்றைக்குத்தான் சோலி அதிகம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் தேசிய விடுமுறை, அவற்றோடு ஐந்து பண்டிகை விடுமுறை, ஆக ஒன்பது நாள் என்பது தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கு 1958-லிருந்து இருக்கும் அளவு. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை. இதே அளவை ஒப்பந்த நிபந்தனையில் எழுதிவிட்டால் வாதமே எழாது. தண்ணீர் விடும் ஆள்களையும் மறக்காதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வால்வு, நாலு மணிக்கு இன்னொன்று என்று தூக்கம் உடைந்து கிடப்பார்கள், பகலில் குழாய் உடைந்தாலும் அவர்களையே கூப்பிடுவார்கள். அவர்களுக்கு வருகைப் பதிவேடு வைத்திருக்கும் ஊர் குறைவு.

இனி நீங்கள் கேட்ட லீவு. லீவு கொடுக்காததற்குக் கல் நெஞ்சம் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆள் கணக்குத் தப்பாகப் போட்டிருப்பதுதான் மூல காரணம். ஊருக்கு நாள்தோறும் 100 ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 36,500 ஆள்நாள். எஸ்டிமேட்டில் நூறு ஆள்தான் போட்டிருப்பார்கள். வார ஓய்வை ஒழுங்காகக் கொடுத்தால் ஒரு ஆள் வருஷத்தில் 313 நாள்தான் வர முடியும். அப்படியானால் எந்த நாளும் தெருவில் நிற்பது சுமார் 86 பேர். மீதி 14 பேர் வேலையை அந்த 86 பேர் தலையில் ஏற்றுகிறார்கள், அல்லது வார ஓய்வையே மறுக்கிறார்கள். 52 வார ஓய்வு, 9 விடுமுறை, 12 தற்செயல் விடுப்பு, 12 நோய் விடுப்பு எல்லாம் கழித்தால் ஒரு ஆளுக்கு 280 நாள். 36,500-ஐ 280-ஆல் வகுத்தால் 131 வருகிறது. ஆக நூறு பேர் தெருவில் நிற்க 131 பேரை எடுக்க வேண்டும். வார ஓய்வுக்கு மட்டும் என்றால் 117. இந்த மாற்று ஆள் இல்லாத வரை மேஸ்திரி லீவு தர மாட்டார். தந்தால் அவர்தான் சுகாதார ஆய்வாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். "காய்ச்சல்னாலும் வந்து மஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று சொல்லும் பழக்கம் இப்படித்தான் வந்தது. மேலே சொன்ன கணக்கில் 17 ஆள் கூட்டினால் மாதம் சுமார் 2.83 லட்சம், 31 ஆள் கூட்டினால் சுமார் 5.15 லட்சம். பெரிய தொகைதான், மறைக்கவில்லை. முதல் வருஷம் வார ஓய்வுக்கான 17 பேரைச் சேர்க்கச் சொல்லிப் போராடுங்கள். அது கிடைத்தாலே நிலைமை நிறைய மாறும்.

உங்கள் வார்டு அம்மாவின் டைபாய்டுக்கு வருவோம். அவருக்கு இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டியிருந்தால் பன்னிரண்டு நாளும் வீணாகியிருக்கக் கூடாது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நோய்க்காலப் பணப்பயன் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாள் காத்திருப்புக்காலம், அதற்குக் கிடையாது. 550 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 385, பத்து நாளுக்கு 3,850 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்களுக்கு 80 சதவீதமாக இரண்டு வருஷம் வரை நீட்டிப்பு உண்டு. குப்பையோடும் தூசியோடும் புழங்கும் சனத்துக்குக் காசநோய் புதிதல்ல. இந்த ஒரு விவரம் தெரியாமல் மாத்திரையை நடுவில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இந்தப் பணம் கிடைக்க ஒரு நிபந்தனை. ஆறு மாத செலுத்துகைக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்கு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் பயன்படும். 78-ஐ ஆறால் வகுத்தால் மாதம் 13 நாள். மாதம் 26 நாள் வேலை செய்தவருக்குக் கான்ட்ராக்டர் 12 நாள் என்று காட்டிக் கட்டினால் ஆறு மாதத்தில் 72 நாள். மருந்து கிடைக்கும், பணம் கிடைக்காது. வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொன்னேனே, அது இதற்காகவும்தான். டெண்டர் மாறும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. புதுக் கான்ட்ராக்டர் பழைய ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) கேட்காமல் புது நம்பர் போட்டுவிடுவார். பழைய பங்கெல்லாம் பழைய நம்பரில் கிடக்கும், காய்ச்சல் புது நம்பரில் வரும். ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஒரே ஐ.பி. நம்பர், ஒரே யூ.ஏ.என். அதைப் பணியாளர் பட்டியலோடு நகராட்சியே வைத்திருந்து, ஒப்பந்தம் மாறும் நாளில் புதியவரிடம் கொடுக்க வேண்டும்.

சான்று விஷயம்: சளி, காய்ச்சல் என்றால் நம் சனம் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். பணப்பயனுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்கும் மருத்துவச் சான்று வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் அந்தச் சீட்டை மாற்றுச் சான்றாகக் கிளை அலுவலகத்தில் கொடுத்துக் கேட்கலாம். உங்கள் வார்டு அம்மாவிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பெரிய சிகிச்சை என்றால் கோவையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மற்றும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்கிப் போகலாம்.

வேலையில் படும் காயம் வேறு கணக்கு. கண்ணாடி கிழித்தது, ஆஸ்பத்திரிக் குப்பையில் ஊசி குத்தியது, வண்டியில் கை சிக்கியது எல்லாம் பணிக்காயம். அதற்கு 90 சதவீதம், 78 நாள் நிபந்தனையும் கிடையாது. விடிகாலை வேலைக்குப் போகும் வழியில் மொபட்டில் இருந்து விழுந்தாலும் சேரும். ஆனால் விபத்து அறிக்கை போக வேண்டும். "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவு நான் பாத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். ஆயுள் முழுக்க வரவேண்டிய ஊனப் பயனும் அந்த ஒரு பொய்யில் போய்விடும்.

காத்திருப்புக்கால இரண்டு நாளுக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் சிறு காய்ச்சலுக்கும் இ.எஸ்.ஐ. உதவாது. அங்கேதான் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு வேண்டும். ஈரோடு ஜவுளிக் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் சம்பள விடுப்பு எழுதியிருக்கிறது. எல்லாக் கடையும் கொடுக்கிறதா என்பது வேறு. ஆனால் அந்தச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பொருந்தாது. ஆகவே கடைக்குள் துணி மடிப்பவருக்குச் சட்டத்தில் இருக்கும் நோய் விடுப்பு, அந்தக் கடை வாசலைக் கூட்டுபவருக்கு எழுத்திலேயே இல்லை. இதை நகராட்சி தன் ஒப்பந்த நிபந்தனையில் எழுதித்தான் சரிசெய்ய முடியும். பன்னிரண்டு நாள் என்று கேளுங்கள். ஆறு நாளுக்கு ஒத்துக்கொண்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"கான்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சம்பந்தம் உண்டு. கான்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியான நகராட்சி கொடுத்துவிட்டு அவர் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கிறது, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. குறைத்துக் கொடுத்த கூலிக்கு மனுப் போடும் கெடு முன்பு ஆறு மாதம், இப்போது ஊதியத் தொகுப்பில் மூன்று வருஷம். இழப்பீடு கேட்ட தொகையைப் போல் பத்து மடங்கு வரை விதிக்கலாம். ஒரே வேலைக்கு ஒரே கூலி தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் பஞ்சாப் வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டக்காரர்கள் வழக்கில், பல வருஷம் வேலை வாங்கிவிட்டு நியமன ஆணை இல்லை என்று கைகழுவக் கூடாது என்று மீண்டும் வேலையும், பாதி பின்கூலியும் கொடுக்கச் சொன்னது. புதிய தொகுப்பில் நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்த ஆள் கூடாது என்று வைத்துவிட்டு, துப்புரவு வேலையை மையப் பணி அல்லாததாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த நிறுவனமே அந்த வேலைக்காக அமைந்ததாக இருந்தால் இது பொருந்தாது என்றும் அங்கேயே இருக்கிறது. ஊரைச் சுத்தமாக வைப்பதற்கில்லாமல் வேறு எதற்கு நகராட்சி? விதிவிலக்குகள் வேறு இருப்பதால் இதை நீதிமன்றத்தில்தான் தீர்க்க முடியும். ஆனால் வலுவான வாதம், சங்கத்துக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். வேலைநிறுத்தம் என்று வந்தால் 14 நாள் முன்னறிவிப்பு அவசியம் என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு ஆளை நிறுத்தப் பார்ப்பார்கள்.

பணம் எங்கே என்று நிச்சயம் கேட்பார்கள். 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது ஊர்ச் சேவைக்காகத்தான் என்று சொல்லி உயர்த்தினோம். அந்தக் கூடுதல் வசூலில் எத்தனை பங்கு சுகாதாரக் கூலிக்குப் போகிறது என்று பட்ஜெட் கூட்டத்தில் கேளுங்கள். இந்த வேலையைச் செய்பவர்கள் நம் கொங்குப் பக்கத்தில் பெரும்பாலும் அருந்ததியர் சனம். "அவங்க வேற வேலைக்கா போகப் போறாங்க" என்கிற எண்ணம் பல மேசைகளில் பேசாமல் உட்கார்ந்திருப்பதால்தான் இவர்கள் கூலி மட்டும் எப்போதும் கடைசிப் பொருளாக வருகிறது. உங்களை மாதிரி ஒருத்தர் மன்றத்தில் எழுந்து கணக்கோடு கேட்டால் அந்த எண்ணத்தோடு பேசுவது கஷ்டமாகிவிடும்.

முதலில் தற்போதைய ஒப்பந்தத்தின் எஸ்டிமேட், பணி ஆணை, கடைசி மூன்று மாத பில்லோடு வைத்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. பட்டியல் இவற்றின் நகலை ஆணையரிடம் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று பார்த்து, புது எஸ்டிமேட் தயாராவதற்கு மூன்று மாதம் முன்னாடியே தீர்மானத்தைக் கொடுத்துவிடுங்கள். டெண்டர் விளம்பரம் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. தீர்மானத்தில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: நடப்பு வருஷ விகிதமும் ஏப்ரல் உயர்வும், முதலாளி பங்கு தனி வரியாக, கூலி ஏலத்துக்கு வெளியே, வார ஓய்வுக்கான மாற்று ஆள், சம்பளத்தோடு நோய் விடுப்பு. கட்சி பார்க்காமல் இன்னும் இரண்டு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். 78-க்குக் குறைவாக இருந்தால் கிளை அலுவலகத்துக்கு என்ன மனு எழுத வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.